அரண்மனைச் சுவரும் அடுப்பங்கரைச் சுவரும்



வேலூர், ஆற்காடு பக்கத்துப் பெயின்ட் கடைகளில் இப்போது வால்பேப்பர் சுருள் சுருளாக வந்து நிற்கிறது. பின்பக்கத் தாளை உரித்துவிட்டு அப்படியே சுவரில் ஒட்ட வேண்டியதுதான். ஹாலுக்குச் செங்கல் டிசைன், படுக்கை அறைக்குப் பூ, பிள்ளைங்க ரூமுக்குக் கார்ட்டூன், சமையலறைக்கு எண்ணெய்ப் பிசுக்கு துடைக்கிற மாதிரி பளபளப்பு. எந்த ரூமுக்கு எது என்று கடைக்காரரே பிரித்துச் சொல்லிவிடுகிறார்.

இதற்கும் 1906-லேயே இறந்துபோன ஒரு மனிதருக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இருக்கிறது. எந்தச் சுவரில் எதை மாட்டுவது என்று இந்த நாட்டில் லட்சக்கணக்கான வீடுகளுக்கு, அந்த வீட்டுக்காரர்களுக்கே தெரியாமல், முடிவு செய்து கொடுத்தவர் அவர்தான். ராஜா ரவிவர்மா!

முதலில் ஒரு சின்ன விஷயம். ஐரோப்பாவில் பணக்காரர்கள் சுவரை மூடுவதற்கு முதலில் நெய்த திரைகளைத் தொங்கவிட்டார்கள். தோலும் அடித்தார்கள். ஆமாம் நண்பர்களே, நம்ம ஊர்த் தொழில்! ஸ்பெயின் நாட்டில் கார்டோவா என்ற ஊர்க்காரர்கள் தோலில் பூவேலை அழுத்தி, பொன்னிறம் ஏற்றி, சுவர் முழுக்கப் பதித்தார்கள். காகிதம் பரவலானது பிற்பாடுதான். நம்ம நாட்டுக்கு அது ஒத்து வரவில்லை. மழைக்காலத்தில் சுவரில் ஓதம் ஏறும். பசையைத் தின்னச் செல் வரும். எல்லாத்துக்கும் மேலே, பொங்கலுக்குப் பொங்கல் சுண்ணாம்பு அடிக்கிற சுவரில் காகிதத்தை எங்கே ஒட்டுவது? ஆணியில் மாட்டுகிற படம்தான் நமக்குச் சௌகரியம். கழற்றி வைத்து, வெள்ளையடித்து, கண்ணாடியைத் துடைத்து, மறுபடி மாட்டிக்கலாம். அதுதான் நம்ம வால்பேப்பர்.

இனி அந்த மனிதரின் கதைக்கு வருகிறேன்.

திருவிதாங்கூர் சமஸ்தானத்துக் கிளிமானூர் அரண்மனையில் 1848 ஏப்ரல் 29-ல் பிறந்தார் ரவிவர்மா. அம்மா உமாம்பா பாய் கவிதை எழுதுபவர். அப்பா நீலகண்டன் பட்டத்திரிபாடு சமஸ்கிருதப் பண்டிதர். கிளிமானூர் குடும்பம் திருவிதாங்கூர் ராஜ குடும்பத்தோடு சம்பந்தம் பண்ணிக்கொள்கிற குடும்பம். பையன் கையில் கரிக்கட்டை கிடைத்தால் போதும், வெள்ளையடித்த சுவரெல்லாம் யானை, குதிரை என்று கிறுக்கி வைப்பானாம். அதைக் கழுவ வேண்டிய வேலைக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்களாம். ஆனால் தாய்மாமன் ராஜராஜ வர்மா தஞ்சாவூர்ப் பாணியில் படம் போடத் தெரிந்தவர். அவர் சுவரைப் பார்த்துத் திட்டவில்லை. பையனைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். ஒருத்தனைப் படிக்க வைப்பது பெரும்பாலும் வீட்டிலே ஒரே ஒரு ஆள்தான் என்பது என் அபிப்பிராயம். எனக்கு அப்பா. அவருக்கு மாமா.

14 வயசில், 1862-ல், மாமா அவரைத் திருவனந்தபுரத்துக்கு அழைத்துப் போனார். மகாராஜா ஆயில்யம் திருநாள் கலையில் ஆசை உள்ளவர். தங்கிக் கற்றுக்கொள் என்று இடம் கொடுத்தார். இங்கேதான் சிக்கல் ஆரம்பம். அப்போது எண்ணெய் வண்ணம் நம்ம பக்கத்துக்குப் புதுசு. எந்த எண்ணெயில் குழைப்பது, அடிப்பூச்சு காய எத்தனை நாள், நிழலை எப்படி மெதுவாகக் கரைப்பது, இதெல்லாம் தெரிந்தவர்கள் ரொம்பக் கொஞ்சம். அரண்மனை ஓவியர் ராமசாமி நாயக்கருக்குத் தெரியும். ஆனால் அவர் சொல்லித்தர மறுத்துவிட்டார். நாளைக்கே போட்டியாக வந்து நிற்பானோ என்ற எண்ணம்தான். நாயக்கரின் சீடர் ஆறுமுகம் பிள்ளை என்பவர் குருவுக்குத் தெரியாமல் வந்து சில நுணுக்கங்களைக் காட்டிக்கொடுத்தார் என்று ரவிவர்மாவின் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1868-ல் டென்மார்க்கில் பிறந்த தியோடர் ஜென்சன் என்ற ஓவியர் ராஜ குடும்பத்தைப் படம் எழுத வந்தார். அவரும் கற்றுத்தரச் சம்மதிக்கவில்லை. மகாராஜா சொன்னதற்காக, வேலை செய்யும்போது நின்று பார்த்துக்கொள்ள மட்டும் விட்டார். ரவிவர்மா பார்த்தார். பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டார்.

நண்பர்களே, இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு ஒரு ஒர்க்‌ஷாப் ஞாபகம் வந்தது. டிரெயினிங் போயிருந்தேன். லேத் ஓட்டுகிற அண்ணன் நல்லவர்தான், டீ எல்லாம் வாங்கித் தருவார். ஆனா டூல் செட் பண்ற நேரத்துல மட்டும் முதுகைத் திருப்பிக்குவார். எங்க வீட்டிலே காலேஜ் படி மிதிச்ச முதல் ஆள் நான். கேட்டு வர அண்ணனும் இல்லை, சொல்லித்தரச் சித்தப்பாவும் இல்லை. தொழில் தெரிந்தவர் முதுகுக்குப் பின்னாடி நின்று எட்டிப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று நம்மில் பாதிப் பேருக்கு யாரும் விளக்க வேண்டாம்.

ஆனால் ஒண்ணு, அதையும் சொல்லிவிட வேண்டும். அரண்மனைக்குள்ளே நின்று பார்ப்பதற்காவது ரவிவர்மாவுக்கு இடம் கிடைத்தது, கிளிமானூர் வீட்டுப் பிள்ளை என்பதால். ராத்திரியில் வந்து சொல்லிக்கொடுத்த அந்த ஆறுமுகம் பிள்ளையின் பெயர் புத்தகங்களில் ஒரு வரியோடு நின்றுவிடுகிறது.

புகழ் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அது எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. 1866-ல் மாவேலிக்கரையில் கல்யாணம். 1870-ல் கோழிக்கோட்டில் ஒரு குடும்பத்தைப் படம் எழுதிக் கூலி வாங்கினார். பணத்துக்காக எழுதிய முதல் படம் அது. 1870-களில் சென்னை நுண்கலைக் கண்காட்சியில் தலையில் பூச்சூடும் நாயர் பெண் படத்துக்குக் கவர்னரின் தங்கப் பதக்கம் கிடைத்தது. கடிதம் எழுதும் சகுந்தலையின் படத்தைச் சென்னை கவர்னர் பக்கிங்ஹாம் பிரபு விலைக்கு வாங்கினார். 1893-ல் சிகாகோ உலகக் கண்காட்சிக்குப் பத்துப் படங்கள் போயின, பதக்கங்கள் வந்தன. தம்பி சி.ராஜராஜ வர்மாவும் ஓவியர். கடைசிவரை அண்ணனோடு கூடவே ஊர் ஊராகச் சுற்றியவர் அவர். கணக்கு, கடிதம், பின்னணியில் வரும் மலை, மரம், ஆறு, பாதி அவர் கைவேலை.

சுவர் விஷயம் பரோடாவில்தான் பெரிதாகிறது. அங்கே சயாஜிராவ் மகாராஜா லட்சுமி விலாஸ் என்று ஒரு பிரம்மாண்டமான அரண்மனை கட்டிக்கொண்டிருந்தார். அதற்காக 14 புராணப் படங்கள் வேண்டும் என்று 1888-ல் ரவிவர்மாவிடம் ஒப்படைத்தார். அண்ணனும் தம்பியும் வட இந்தியா முழுக்கச் சுற்றினார்கள். எதற்குத் தெரியுமா? நளனும் தமயந்தியும், சந்தனுவும் மச்சகந்தியும், விசுவாமித்திரரும் மேனகையும் என்ன உடை கட்டியிருப்பார்கள் என்று தேட! ஊருக்கு ஊர் உடை வேறாக இருந்ததே தவிர, புராண காலத்து உடை என்று எங்கும் ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் புடவையைக் கட்டிவிட்டார். இன்றைக்கு நம்ம தேவிகள் எல்லாரும் சரிகை பார்டர் வைத்த புடவையில் நிற்பதற்கு அந்த முடிவுக்குப் பெரிய பங்கு உண்டு.

படங்கள் 1890-ல் தயாராயின. அரண்மனைச் சுவரில் ஏறுவதற்கு முன்னால் திருவனந்தபுரத்திலும் பம்பாயிலும் பொதுமக்கள் பார்க்க வைத்தார்கள். கூட்டம் கூட்டமாக ஜனங்கள் வந்தார்கள். படங்களைப் புகைப்படமாக எடுத்த பிரதிகள் ஏராளமாக விற்றன. அதற்கப்புறம் படங்கள் தர்பாருக்குள்ளே போயின, கதவு சாத்தியது. பார்த்த ஜனங்கள் வெளியிலே.

இதற்கு ஒரு வழி ஏற்கெனவே சொல்லப்பட்டிருந்தது. சொன்னவர் நம்ம கும்பகோணத்தில் பிறந்து, திருவிதாங்கூர், இந்தூர், பரோடா மூன்று சமஸ்தானத்திலும் திவானாக இருந்த சர் டி.மாதவராவ். எல்லாரும் உங்கள் படத்தைக் கேட்கிறார்கள், ரெண்டு கையால் எத்தனை எழுத முடியும், தேர்ந்த சிலவற்றை ஐரோப்பாவுக்கு அனுப்பி வண்ண அச்சாகப் போட்டு வாங்குங்கள் என்ற கருத்தில் 1880-களிலேயே அவருக்குக் கடிதம் எழுதினார். ரவிவர்மா அதற்கும் ஒரு படி மேலே போய் அச்சகத்தையே இங்கே கொண்டுவந்துவிட்டார்! ஜெர்மனியிலிருந்து மெஷின், ஜெர்மனியிலிருந்தே டெக்னீஷியன்கள். 1894-ல் பம்பாயில் அச்சகம் ஓட ஆரம்பித்தது. முதலில் வந்தது சகுந்தலை பிறப்பு.

நாம் டெக்னிக்கல் ஆசாமிகள் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அந்த அச்சுக்கு ஈய எழுத்தும் கிடையாது, செதுக்கிய மரக்கட்டையும் கிடையாது. கல்! ஜெர்மனியில் பவேரியா பக்கம் கிடைக்கும் வழவழப்பான சுண்ணாம்புக் கல். அதன்மேல் கொழுப்பு கலந்த மையால் படத்தை வரைவார்கள். பிறகு கோந்தும் அமிலமும் தடவிப் பதப்படுத்தி, கல்லை நனைத்தால் வரையாத இடம் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், வரைந்த இடம் தள்ளிவிடும். மேலே மையை உருட்டினால் கொழுப்பு உள்ள இடத்தில் மட்டும் மை பிடிக்கும். எண்ணெயும் தண்ணியும் சேராது என்கிற ஒரே விஷயத்தில் நடக்கிற தொழில். எங்க அப்பாவுக்கு ராணிப்பேட்டை பக்கம் டேனரியில் சுண்ணாம்புத் தொட்டி வேலை. தோலில் முடி கழல்வதற்குச் சுண்ணாம்பில் ஊறப்போடுவார்கள். கல்லு, சுண்ணாம்பு, கொழுப்பு என்று நான் விளக்கினதும் பாதியிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்குத்தான் ரெண்டு நாள் ஆச்சு.

ஒரு கல்லுக்கு ஒரு நிறம். ஒரு லட்சுமி படத்துக்கு முகத்துக்கு ஒன்று, புடவைக்கு ஒன்று, தாமரைக்கு ஒன்று, நிழலுக்கு ரெண்டு என்று பல கற்கள் வேண்டும். ஒவ்வொரு தாளும் ஒவ்வொரு கல்லின் மேலும் போய் வர வேண்டும். ஒரு மயிரிழை விலகினால் உதட்டுச் சிவப்பு கன்னத்துக்கு வந்துவிடும். அலைன்மென்ட் எவ்வளவு முக்கியம் என்று நம்ம ஒர்க்‌ஷாப் இன்ஸ்ட்ரக்டர்கள் தொண்டை கிழியச் சொல்வது இதுதானே! கடைசியாக வார்னிஷ் பூசி, எண்ணெய் ஓவியம் போலவே மினுக்குவார்கள். ஓலியோகிராஃப் என்று பெயர்.

தொழில் என்ற கணக்கில் ரவிவர்மா தோற்றார். கடன் ஏறியது. 1896-ல் பம்பாயில் பிளேக் நோய் வந்து ஊரே காலியானது. 1899-ல் அச்சகத்தை லோனாவாலா பக்கத்து மாளவ்லிக்கு மாற்றினார்கள். அப்படியும் தேறவில்லை. புது நூற்றாண்டு பிறந்து கொஞ்ச காலத்திலேயே அச்சகத்தை அங்கே டெக்னீஷியனாக இருந்த ஃபிரிட்ஸ் ஷ்லைக்கர் என்ற ஜெர்மானியருக்கு விற்றுவிட்டார். ஆனால் படங்கள் நிற்கவில்லை. ரயில் ஏறி ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருந்தன.

எங்கெல்லாம் போயின? செட்டிநாட்டு வீடுகளில் இன்றும் தூணுக்கு மேலே, நிலைக்கு மேலே வரிசையாகக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார்கள். சில வீடுகளில் படத்து மேலே சரிகையும் ஜிகினாவும் தைத்து, தேவிக்கு நிஜப் புடவையே கட்டியிருப்பார்கள். கடைகளில் கல்லாப்பெட்டிக்கு மேலே லட்சுமி. பிள்ளைகள் படிக்கிற மூலையில் வீணையோடு சரஸ்வதி, பக்கத்தில் மயில். தாமரையில் நிற்கும் லட்சுமி, பாறையில் உட்கார்ந்த சரஸ்வதி, ரெண்டும் 1896-ல் எழுதிய படங்கள். பூஜைக்குத் தனி அறை உள்ளவர்கள் அந்த அறையில் வைத்தார்கள். இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? படத்தை மாட்டினார்கள், அந்த மூலையே பூஜை அறை ஆகிவிட்டது! செத்துப்போன தாத்தா போட்டோவை அதே சுவரில் மாட்டக் கூடாது, வேறு சுவர் என்று ஒரு சட்டம் தானாகவே வந்தது. என் கூடப் படிக்கும் ஆம்பூர், பேர்ணாம்பட்டுப் பசங்க வீட்டில் உருவப் படம் பெரும்பாலும் இருக்காது. காபாவின் படமோ அழகான அரபு எழுத்தோ வாசலைப் பார்த்து மாட்டியிருக்கும். அங்கேயும் எந்தச் சுவர் என்பதற்குக் கணக்கு உண்டு. ஒட்டுகிற வால்பேப்பருக்கு மேட்சிங் கலர் பார்த்தால் போதும். இதற்கு வேறு மேட்சிங்.

எங்க வீட்டில் ஒரு ரூம், ஒரு அடுப்பங்கரை. லட்சுமி இருப்பது அடுப்பங்கரைச் சுவரில், கிழக்குப் பார்த்து, புகை படாத உயரத்தில். அது எங்க ஆயாவோட அம்மா ஆற்காட்டுச் சந்தையில் வாங்கியது. ஏன் வாங்கினார்கள் என்று கேட்டேன். ஆயா சாதாரணமாகத்தான் சொன்னது. அவங்க ஊரில் கோயில் இருந்தது, ஆனா எங்க ஆளுங்க கொடிமரத்தைத் தாண்டினதில்லை. உள்ளே அம்மன் எப்படி இருக்கும் என்று ஆயாவோட அம்மாவுக்குக் கடைசிவரை தெரியாது. மதுரை மீனாட்சி கோயிலுக்குள் 1939 ஜூலை 8-ல் வைத்தியநாதய்யர் தலைமையில் நுழைந்தார்கள், அப்புறம் சட்டமும் வந்தது. ஆனா சட்டம் எங்க ஊர் வரை நடந்து வருவதற்கு ரொம்ப நாள் ஆனது. அதுவரை அந்தம்மா பார்த்த சாமி முகம் அந்தக் காகிதத்தில் இருந்ததுதான். யாரையும் கேட்க வேண்டாம், குளிச்சுட்டு வந்தால் போதும், கிட்டேயே நின்னு பார்க்கலாம். தொட்டுப் பொட்டு வைக்கலாம்!

இதை நினைத்தா ரவிவர்மா அச்சகம் போட்டார்? அப்படிச் சொன்னால் அது பொய் ஆகிவிடும். அவருக்கு அது வியாபாரம், பேரும் பரவ வேண்டும் என்ற ஆசை. ஆனா கல்லில் ஏறின படத்துக்கு யார் வீட்டுக்குப் போகிறோம் என்று தெரியாதில்லையா? காசு கொடுத்தவர் கையோடு போயிற்று.

அவரைத் திட்டினவர்களும் உண்டு. கொழும்பில் பிறந்த கலை அறிஞர் ஆனந்த குமாரசாமி, விவேகானந்தரின் சிஷ்யை நிவேதிதா இருவருக்கும் ரவிவர்மாவின் படங்கள் பிடிக்கவில்லை. நாடக மேடை மாதிரி இருக்கிறது, வெள்ளைக்காரன் பாணியில் நம்ம புராணத்தைப் பிடித்துவைத்திருக்கிறார் என்பது அவர்கள் கட்சி. எனக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. என் சண்டை வேறு. அவருடைய லட்சுமியும் சரஸ்வதியும் தமயந்தியும் ஏன் எல்லாரும் அத்தனை சிவப்பு? என் அக்கா கறுப்பு, எங்கம்மா கறுப்பு, ஆயா அதைவிடக் கறுப்பு. மூணு பேரும் தினம் காலையில் விளக்கேற்றிக் கும்பிடுகிற முகத்தில் அவங்க சாயல் ஒரு துளிகூட இல்லை. பெண் பார்க்க வந்தவர்கள் அக்காவைப் பார்த்து முகம் சுளித்த அன்றைக்கு நான் அந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் முறைச்சுப் பார்த்துக்கிட்டிருந்தேன். சிவப்புதான் அழகு என்று முதலில் சொன்னவர் அவர் இல்லை, சரி. ஆனா அதை வீட்டுக்கு வீடு ஆணியடித்து மாட்டினதில் அவருக்கும் பங்கு உண்டு. அக்காவிடம் இதைச் சொன்னேன். அது சிரித்துவிட்டு, படத்துக்குப் பூ வைக்கப் போய்விட்டது.

பிற்பாடு கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவர் சீடர்களும் சிவகாசி காலண்டருக்காக வரைந்த முருகனும் மீனாட்சியும் நம்ம சுவர்களைப் பிடித்துக்கொண்டார்கள். அது தனிக் கதை, அடுத்த வருஷ மலருக்கு வைத்துக்கொள்கிறேன்.

1904-ல் அரசாங்கம் ரவிவர்மாவுக்குக் கெய்சர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கம் கொடுத்தது. 1905 ஜனவரியில் தம்பி ராஜராஜ வர்மா இறந்தார். அது அவரை உடைத்துப்போட்டது. உடம்பில் சர்க்கரை வியாதியும் இருந்தது. அப்படியும் மைசூர் அரண்மனைக்காக ஒப்புக்கொண்ட ஒன்பது படங்களை எழுதினார். 1906 அக்டோபர் 2-ல் காலமானார், வயது 58. அவர் அச்சகம் கைமாறி அவருக்கப்புறமும் ஓடி, 1972-ல் தீப்பிடித்து எரிந்தது. 1979-ல் அவருடைய ஓவியங்களை நாட்டின் கலைச் செல்வம் என்று அறிவித்து, வெளிநாட்டுக்குக் கொண்டுபோகத் தடை போட்டது இந்திய அரசு.

இன்னும் ஒரு செய்தி. 1900-ல் ரவிவர்மாவின் மகள்வழிப் பேத்திகள் இரண்டு பேரைத் திருவிதாங்கூர் ராஜ குடும்பம் தத்து எடுத்துக்கொண்டது. இளையவர் சேது பார்வதி பாய். அவருடைய மகன்தான் சித்திரைத் திருநாள் மகாராஜா. 1936 நவம்பர் 12-ல், பிறப்பின் பேரால் எந்த இந்துவையும் அரசாங்கக் கோயில்களுக்குள் விடாமல் தடுக்கக் கூடாது என்று பிரகடனம் செய்தாரே, அவர்தான். கொள்ளுப்பேரன் கோயில் கதவைத் திறந்ததற்கு நாற்பது வருஷம் முன்னாடியே கொள்ளுத்தாத்தாவின் லட்சுமி கதவுக்கு வெளியே வந்துவிட்டாள்!

நம்ம காலேஜ் டூர் கேரளா பக்கம் போனால் கோவளத்தோடு திரும்பிவிடாதீர்கள். திருவனந்தபுரம் மிருகக்காட்சி சாலை வளாகத்திலேயே 1935-ல் திறந்த ஸ்ரீ சித்ரா கலைக்கூடம் இருக்கிறது. ரவிவர்மா கைப்பட எழுதிய அசல் படங்கள் அந்த வளாகத்தில் உண்டு. கிட்டே போய்ப் புடவை பார்டரைப் பாருங்கள்.